மழுங்காத நட்டு

"பாஸ், இந்தக் காரை யாரோ கடிச்சிருக்காங்க."

குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. டெல்பர்ட் பூனின் உடம்பில் வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் மட்டும்தான். இடது பூட்ஸில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் குளிர் உள்ளே போவதை அவன் காலையிலிருந்து மூன்று விதமாகப் புலம்பித் தீர்த்திருந்தான்.

ஷெரீஃப் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கார் கிடந்தது. மூக்கு நசுங்கி, ஒரு விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் கார். பழசு. ஓக் ஃபெரி மாதிரி ஒரு கார் ஆலை ஊரில் அப்படி ஒரு வண்டியை வாசலில் நிறுத்துவதற்குப் பதில் வாசலில் பன்றி வளர்க்கலாம். பன்றியையாவது ஊர் மன்னிக்கும்.

"கடிச்சிருக்காங்கன்னா?" என்றாள் இரீன் சாபோ.

"ஒரு போல்ட், ஒரு நட்டு விட்டு வைக்கல. எல்லாம் மூலை தேஞ்சு உருண்டையா கிடக்கு. எங்க ஊரு கென்டக்கில நாய்கூட எலும்பை இவ்வளவு கேவலமா விட்டுட்டுப் போகாது."

"காரோட சொந்தக்காரன் வெர்ன் பண்ண வேலை அது. இடது பின் சக்கரத்தைப் பாரு. பிரேக் பைப் நட்டு."

பூட்ஸ் நகர்ந்தன. டார்ச் வெளிச்சம் கார் வயிற்றில் ஊர்ந்தது. அப்புறம் ஒரே இடத்தில் நின்றது. டெல் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"பாஸ். நீங்களே வந்து பாருங்க."

இரீன் கோட்டைக் கழற்றிவிட்டு மல்லாந்து உள்ளே போனாள். ஈரக் கான்கிரீட்டின் குளிர் முதுகில் ஏறியது. கார் ஆலையில் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் பதினொரு வருஷம் நின்றவள். தரை, குளிர், எண்ணெய் எதுவும் அவளுக்குப் புதுசில்லை. அந்த ஷாப் அவளுடைய இடது மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பொறுமையைக் கொடுத்து அனுப்பியிருந்தது. இப்போது ஏழைகளுக்கு வாதாடும் அரசாங்க இலவச வக்கீலுக்காகத் துப்புத் துலக்குகிறாள்.

அந்த நட்டில் ஆறு மூலையும் கூர்மையாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் மழுங்கிப்போன கிழட்டு நட்டுகளுக்கு நடுவே அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. இரீன் இரண்டு விரலால் அதைத் திருகினாள். திரும்பியது.

"ஷெரீஃப் சொன்னது சரி. நட்டு லூஸ்," என்றான் டெல்.

"லூஸ்தான். ஆனா இதை வெர்ன் தொடல."

ஓக் ஃபெரியில் ஸ்பேனர் என்றால் இன்ச் ஸ்பேனர். ஆலையில் அதுதான், வீட்டில் அதுதான், அப்பன் செத்தால் மகனுக்கு வருவதும் அதுதான். ஜப்பான்காரனுடைய நட்டு மில்லிமீட்டர் கணக்கு. இன்ச் ஸ்பேனரில் ஒன்று அதில் நுழையாது. அடுத்தது தொளதொளவென்று ஆடும். ஆடுகிற ஸ்பேனரை வைத்துப் பலம் கொடுத்தால் நட்டு அசையாது. அதன் மூலைகள்தான் தேயும். அப்புறம் குறடு. குறடு வழுக்கினால் விரல் முட்டியில் தோல் போகும். வெர்ன் கிரெப்ஸ் தன் ஷெட்டில் குளிர்காலம் முழுக்கச் செய்தது அதுதான்.

"அப்போ இதைக் கழட்டினவன்கிட்ட சரியான ஸ்பேனர் இருந்திருக்கு," என்றாள் இரீன்.

டெல் விசில் அடித்தான். "எல்லா ஊர்லயும் தப்பான ஸ்பேனர் போட்டவன் மாட்டுவான். நம்ம ஊர்ல சரியான ஸ்பேனர் போட்டவன் மாட்டப்போறான்."

"வா. வெர்னைப் பாக்கணும். கோர்ட்டு மூடுறதுக்குள்ள அந்த ஆள் கையெழுத்துப் போட்டுடுவான்."

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு சாயங்காலம் வெர்னின் மனைவி லொரெய்ன் இந்தக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினாள். ஆற்றங்கரை மேட்டில் இறங்கும்போது பிரேக் மிதி தரை வரை போனது. பனி உறையாமல் இருக்கப் பாலத்தில் உப்புத் தூவிக்கொண்டிருந்த ஓவன் டட்டில் என்ற சாலைத் தொழிலாளி, கார் மோதி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் செத்துப்போனான். லொரெய்ன் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தாள். பிரேக் வேலையை வீட்டிலேயே பார்த்தது வெர்ன். அரசு வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டியிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் ஜெயில். இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் உட்காரும் ஜூரி. ஜப்பான் காரால் ஊர்க்காரன் ஒருத்தன் செத்திருக்கும்போது ஜூரி என்ன சொல்லும் என்பதைச் சொல்ல ஜோசியக்காரன் வேண்டியதில்லை.

லாக்கப்புக்கு வெளியே இருந்த சின்ன அறையில் வெர்ன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்திருந்தான். விரல் முட்டிகளில் காய்ந்த புண், அதன்மேல் புதுப்புண்.

"நான் போட்டுடறேம்மா. இழுக்க வேணாம்," என்றான். "ஓவனோட சம்சாரம் என் மூஞ்சியைப் பாத்துச்சு. யாராவது ஒருத்தன் 'நான்தான்'னு சொல்லணும். நான்தான் சொல்லணும்."

"போடுங்க. அதுக்கு முன்னாடி இடது பின் சக்கரத்தைப் பத்திச் சொல்லுங்க."

வெர்னின் முகம் சுருங்கியது. "அதையா? அது என்னை உசிரோட தின்னுடுச்சு. பைப்பு துருப்பிடிச்சுக் கசிஞ்சுது. தினம் காலைல பிரேக் ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டினோம். மாத்தலாம்னு பாத்தா நட்டு வரல. ஸ்பேனர் போட்டேன், குறடு போட்டேன், உளி வச்சு அடிச்சேன். கடைசில அது கோலிகுண்டு ஆகிடுச்சு. கோலிகுண்டைக் கழட்ட எந்த ஊர்ல ஸ்பேனர் விக்கிறான்?"

"ஒரு மூலைகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. முன் சக்கரம் ரெண்டையும் முடிச்சுட்டு, இதை சனிக்கிழமை பாக்கலாம்னு விட்டுட்டேன். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதேன்னு லொரெய்ன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பெரிய குறடு ஒண்ணு வாங்கிட்டு வர தம்பி வீட்டுக்கு. அந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரில ஆளில்லைன்னு போன். அவ என்ன பண்ணுவா? இப்ப வீட்ல சம்பாதிக்கிறது அவ ஒருத்திதான்."

டெல் இரீனைப் பார்த்தான். இரீன் டெல்லைப் பார்க்கவில்லை.

"சரியான ஸ்பேனர் கேட்டுப் பாக்கலையா?"

"கேக்காத ஆளில்ல. ஹார்டுவேர் கடைக்காரன் 'டோக்கியோவுக்கு டிக்கெட் எடு'ன்னான். பக்கத்து வீட்டு கஸ் பாவ்லக்கையும் கேட்டேன். வேலிக்கிட்டப் போய் நின்னு கேட்டேன். 'கொளுத்திப் போடு, தீப்பெட்டி வேணா தரேன்'னான்." வெர்ன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "பதினாறு வருஷம் ஒரே பிரஸ்ல எதிரெதிரா நின்னவங்கம்மா நாங்க. அவன் பொத்தானும் என் பொத்தானும் சேந்து அமுங்கினாத்தான் பிரஸ் இறங்கும். அவன் கை வெளிய இருக்கான்னு நான் பாப்பேன். என் கையை அவன் பாப்பான். என்னை வேலைய விட்டு நிறுத்தினப்ப அழுதவன் அவன்தான். இந்தக் கார் வாசலுக்கு வந்த நாள்லேருந்து என் மூஞ்சியைப் பாக்கறதில்ல. வேலிக்கிட்டகூட முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் பதில் சொன்னான்."

இரீன் எழுந்தாள். "நான் வர்ற வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க."

"ஏம்மா?"

"உங்க கார்ல நீங்க தொடாத நட்டு ஒண்ணு இருக்கு."

இரீனின் கார் இந்த ஊர் ஆலையில் பிறந்தது. படகு மாதிரி நீளம். ஹீட்டர் செத்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. டெல் கண்ணாடியில் படிந்த பனியை மூச்சை ஊதித் துடைத்தபடி வழி சொன்னான்.

"முடிஞ்சுது கதை. கஸ் பாவ்லக்," என்றான். "ஷெட் கதவுல என்ன எழுதி வச்சிருக்கான் தெரியுமா? 'ஜப்பான் கார் வாங்கினவன் ஜப்பான்ல போய் சம்பளம் வாங்கட்டும்.' யூனியன் பிக்னிக்ல பழைய ஜப்பான் காரைச் சம்மட்டியால அடிக்கிற விளையாட்டு வச்சாங்களே, மொத அடி யாரு? கஸ். இந்த வருஷம் கமிட்டி எலக்‌ஷன்ல யாரு ஜெயிச்சது? கஸ்."

"விபத்து நடந்த அன்னிக்குத்தானே எலக்‌ஷன்?"

"அன்னிக்கேதான். அதுலயும் ஒண்ணு இடிக்குது பாஸ். விபத்தை மொதல்ல பாத்தது கஸ். தன் கோட்டைக் கழட்டி லொரெய்னைப் போத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது கஸ். பேப்பர்ல போட்டோ போட்டாங்க, 'பக்கத்து வீட்டு வீரர்'னு. ஆனா யூனியன் ஹால் ஊருக்குத் தெக்கே இருக்கு. ஆறு வடக்கே. ஜெயிச்ச ஆள் பீர் குடிக்காம ஆத்தங்கரைக்கு என்னத்துக்குப் போனான்?"

"நீ சொல்லு."

"தான் வச்ச பொறில எலி மாட்டிச்சான்னு பாக்க."

இரீன் வெர்னின் தெருவுக்குள் காரைத் திருப்பினாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பாதிக்குமேல் ஜன்னல் மூடியவை. வேலை போனவர்கள் பகலிலும் திரையை விலக்குவதில்லை.

வெர்னின் ஷெட் ஒரு மனிதன் தோற்றுப்போன இடம் மாதிரி இருந்தது. வளைந்த ஸ்பேனர், உடைந்த உளி, சுவரில் எறிந்த தடம். தரை முழுக்கக் கறுப்பு எண்ணெய். இரத்தம் காய்ந்த ஒரு துணி. ஆனால் கார் நின்ற இடத்தில், இடது பின் சக்கரத்துக்குக் கீழே, ஒரு பாய் அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. இரீன் குனிந்து விரலால் தேய்த்தாள். மரத்தூள் ஒட்டியது. யாரோ சிந்திய எண்ணெய்மேல் மரத்தூள் போட்டு, ஊறவிட்டு, பெருக்கி எடுத்திருக்கிறார்கள்.

"தடயத்தை அழிச்சிருக்கான் பாவி," என்றான் டெல்.

"மத்த இடமெல்லாம் பன்னித் தொட்டியா கிடக்கும்போது இங்க மட்டும் பெருக்கினா அதுதானே தடயம்? ஒளிக்க நினைக்கிறவன் பெருக்கமாட்டான்."

"அப்ப எவன்தான் பெருக்குவான்?"

இரீன் வேலியைத் தாண்டிப் பார்த்தாள். வெர்னின் ஷெட்டுக்கும் கஸ்ஸின் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

கஸ் பாவ்லக் தன் ஷெட்டில் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தான். கதவு நிறைந்த ஆள். யூனியன் ஜாக்கெட். கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். கோபமில்லை, பயமில்லை. ரொம்ப நாள் தூங்காதவன் மாதிரி இருந்தான்.

"வெர்ன் எப்படி இருக்கான்?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"கையெழுத்துப் போடப்போறார். உங்க டூல் பாக்ஸைப் பாக்கணுமே மிஸ்டர் பாவ்லக்," என்றாள் இரீன்.

"வாரண்ட் இருக்கா?"

"இல்ல."

"பாத்துக்கோ. திருட்டுச் சாமான் ஒண்ணுமில்ல."

டெல் ஒவ்வொரு அறையாக இழுத்தான். ஸ்பேனர்கள் அளவு வரிசையில், எண்ணெய்த் துணிமேல், ராணுவம் மாதிரி படுத்திருந்தன. எல்லாம் இன்ச். கடைசி அறை வரை இன்ச். டெல்லின் முகம் தொங்கியது.

"சர்ச்சு பீடம்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது," என்று முனகினான். "இங்க ஒண்ணுமில்ல பாஸ்."

"முடிஞ்சுதா?" என்றான் கஸ். "நான் வேலைக்குப் போகணும். எனக்கு இன்னும் வேலை இருக்கு."

இரீன் டூல் பாக்ஸைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மேல் பலகையில் இருந்தது. அங்கே பழைய காபி டப்பாக்கள் வரிசையாக நின்றன. இந்தத் தெருவில் எந்த ஷெட்டுக்குப் போனாலும் அந்த டப்பாக்கள் இருக்கும். இங்கே பிறந்தவன் காரை விற்பான், வீட்டை விற்பான், கழட்டிய நட்டை மட்டும் எறியமாட்டான். துருப்பிடித்ததோ வளைந்ததோ, என்றைக்காவது உதவும் என்று டப்பாவில் போடுவான். அவன் செத்ததும் மகன் அந்த டப்பாவையும் எடுத்துவைப்பான்.

இரீன் முதல் டப்பாவை இறக்கினாள்.

"அதைத் தொடாதே," என்றான் கஸ்.

குரல் உயரவில்லை. ஆனால் ஷெட்டில் காற்று மாறியது. அவன் இரண்டு எட்டு வைத்துப் போய் ஷெட் கதவைச் சாத்தினான். வெளிச்சம் பாதியானது. டெல் இருவருக்கும் நடுவே வந்து நின்று, பின்னால் கையை விட்டுத் துழாவி, அகப்பட்டதை எடுத்து நீட்டினான். அது பெயிண்ட் பிரஷ்.

"ஒரு அடி முன்னாடி வச்சே, வெள்ளையடிச்சுடுவேன்," என்றான்.

இரீன் டப்பாவைப் பெஞ்சில் கவிழ்த்தாள். நட்டும் போல்ட்டும் ஆணியும் சரிந்தன. கையால் பரப்பினாள். மூலை இல்லாத ஒரு நட்டு உருண்டு வந்து பெஞ்சு விளிம்பில் நின்றது. அதற்குள் விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த பைப், முனை வெட்டப்பட்டிருந்தது.

கோலிகுண்டு.

டெல் மெதுவாக மூச்சு விட்டான். "கிடைச்சுட்டான். கொலைகாரப் பய. பதினாறு வருஷச் சிநேகிதனை..."

"வாயை மூடு டெல்," என்றாள் இரீன். "பிரேக்கைக் கெடுக்கணும்னா என்ன பண்ணுவே?"

"பைப்பை வெட்டுவேன்."

"ஒரு வெட்டு. கொட்டாவி விடற நேரத்துல முடிஞ்சிடும். எவனாவது பழைய பைப்பை எடுத்துட்டுப் புதுப் பைப், புது நட்டு போட்டுக் கெடுப்பானா? சிந்தின எண்ணெய்ல யாராவது வழுக்கி விழுவாங்கன்னு மரத்தூள் போட்டுப் பெருக்குவானா? அது பிரஸ் ஷாப் பழக்கம். அங்க வழுக்கினா கை போகும்." அவள் கஸ்ஸைப் பார்த்தாள். "இவர் கெடுக்கப் போகல. ரிப்பேர் பண்ணப் போயிருக்கார்."

கஸ் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை.

"வெர்ன் கெட்ட வார்த்தை பேசமாட்டான்," என்றான். "ஷாப்ல பதினாறு வருஷம், ஒரு வார்த்தை கிடையாது. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து தினம் சாயங்காலம் கேட்டேன். ஸ்பேனர் வழுக்கும். தரைல விழும். அப்புறம் திட்டுவான். ஒருநாள் திட்டல. அழுதான். நான் இங்க நின்னு அதைக் கேட்டேன்."

டெல் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"ஸ்பேனர் எங்க?" என்றாள் இரீன்.

கஸ் எழுந்து மூலைக்குப் போனான். வேட்டைக்கு எடுத்துப்போகும் வாத்துப் பொம்மைகள் ஒரு சாக்கில் கிடந்தன. பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு அடியிலிருந்து ஒரு கம்பளித் துணி மூட்டையை எடுத்தான். பிரித்தான். மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். புத்தம் புதுசு.

"கனடாவுல வாங்கினேன். இங்க எந்தக் கடைக்குப் போனாலும் எவனாவது பாப்பான். ஆத்தைத் தாண்டிப் போய், முன்னபின்ன தெரியாத ஊர்ல, தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு வாங்கினேன். பைப்பும் அங்கதான்."

"எலக்‌ஷன்ல நிக்கிற ஆளு," என்றான் டெல். கிண்டல் இல்லாமல்.

"அன்னிக்கு வெர்ன் தம்பி வீட்டுக்குப் போனதைப் பாத்தேன். லொரெய்னுக்கு அன்னிக்கு வேலை இல்லைன்னு தெரியும். வேலி ஏறிக் குதிச்சேன். பழைய பைப்பை வெட்டி, உருண்டுபோன நட்டைப் பெரிய குறட்டால கவ்விக் கழட்டிட்டு, புதுசை மாட்டினேன். எண்ணெய் சிந்தினதும் தூள் போட்டுப் பெருக்கினேன். அது யோசிச்சு செய்யறதில்ல, கை தானா செய்யும். கடைசி நட்டைக் கையால முறுக்கிட்டு ஸ்பேனரை எடுக்கறேன், என் வாசல்ல ஹார்ன். ஹால்லேருந்து பசங்க என்னைக் கூட்டிப்போக வந்துட்டாங்க. இறங்கி இந்தப் பக்கம் நடந்து வர்றாங்க. 'கஸ், கஸ்'னு கூப்பிடறாங்க. நான் ஜப்பான் காருக்கு அடியில கிடக்கேன்."

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சுத்து. ஸ்பேனர் போட்டு ஒரே ஒரு சுத்து. வந்து போட்டுக்கலாம்னு பின்பக்கமா ஓடினேன். ஹால்ல என்னைத் தோள்ல தூக்கினாங்க. எனக்கு அந்த நட்டுதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு. தப்பிச்சு வந்தா ஷெட் காலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழில துரத்திக்கிட்டுப் போனேன்." கைகளை மடக்கினான். "பாலத்துல போய்ச் சேந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் மறுநாள் ஷெரீஃப்கிட்டப் போனேன். பேப்பர்காரன் கேமராவோட நின்னான். ஓவனோட சம்சாரம் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கடைசி நேரத்துல அவரோட இருந்தியே, நன்றி'ன்னு சொல்லுச்சு. இந்தக் கையை. அதுக்கப்புறம் வாய் வரல."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கோர்ட்டு மூட அதிக நேரமில்லை.

இரீன் கோலிகுண்டு நட்டை எடுத்துப் பையில் போட்டாள். "நான் இதை எடுத்துட்டுப் போறேன். இது மட்டும் போதுமான்னு எனக்குத் தெரியாது. அரசு வக்கீல் 'காபி டப்பால ஆயிரம் நட்டு இருக்கும்'பார். அவர் சொல்றது சரிதான்."

கஸ் ஸ்பேனர்களை மறுபடி கம்பளித் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

இரீன் தன் இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனி இல்லாத விரல்.

"எனக்கு எதிர்ல நின்னவன் அன்னிக்கு வேற எங்கேயோ பாத்துக்கிட்டிருந்தான்," என்றாள். "வெர்ன் கை இப்ப பிரஸ்ஸுக்குள்ள இருக்கு, கஸ். பொத்தான் உன் கைல இருக்கு."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். டெல் பின்னாலேயே ஓடினான்.

"பாஸ், அவனை விட்டுட்டா வர்றீங்க? கட்டி இழுத்துட்டு வந்திருக்கலாமே!"

"கட்டி இழுத்துட்டு வந்தா கோர்ட்ல வாயைத் திறக்கமாட்டான். ஏறு."

முதல் தடவை கார் கிளம்பவில்லை. இரண்டாம் தடவையும் கிளம்பவில்லை. டெல் டாஷ்போர்டைக் குத்தினான். "நம்ம ஊர்லயே பொறந்த சனியனே, உனக்கு என்ன கேடு?" அதற்கப்புறம்தான் கிளம்பியது. கண்ணாடியில் இரீன் பார்த்தாள். கஸ்ஸின் ஷெட் கதவு திறந்தபடி கிடந்தது. யாரும் வெளியே வரவில்லை. தெரு முனை திரும்பும் வரை வரவில்லை.

கோர்ட்டுப் படிகளில் யூனியன் ஜாக்கெட்டுகள். ஓவன் டட்டிலுக்காக வந்தவர்கள் பாதி, ஜப்பான் கார்க்காரன் உள்ளே போவதைப் பார்க்க வந்தவர்கள் மீதி. இரீன் அவர்களை விலக்கிக்கொண்டு ஏறினாள்.

அறையில் அரசு வக்கீல், இலவச வக்கீல், வெர்ன். காகிதம் வெர்னுக்கு முன்னால் இருந்தது. பேனா அவன் கையில்.

"இது இடது பின் சக்கரத்தோட பழைய நட்டு," என்று இரீன் மேஜைமேல் வைத்தாள். "கார்ல இப்ப இருக்கறது புதுசு. வெர்ன் போட்டதில்ல."

அரசு வக்கீல் அதைப் பென்சிலால் உருட்டினார். "மிஸ் சாபோ, இதை நீங்க எந்தக் குப்பைத் தொட்டிலேருந்து வேணா எடுத்திருக்கலாம். போட்டது யாரு? பேர் சொல்லுங்க."

இரீன் கதவைப் பார்த்தாள். அவள் சொன்னால் அது கோர்ட்டில் வெறும் வதந்தி; கஸ் தானே வந்து சொல்ல வேண்டும்.

"பரவாயில்லம்மா," என்றான் வெர்ன். குனிந்தான். பேனா காகிதத்தைத் தொட்டது.

வெளியே படிகளில் சத்தம் கேட்டது.

"டேய், நம்ம கஸ்ஸுடா! கஸ், வாய்யா!" யாரோ கை தட்டினான். அப்புறம் கைதட்டல் பாதியில் நின்றது. "என்னய்யா அது கைல?"

"ஸ்பேனர்."

"யாருது?"

"என்னுது."

பூட்ஸ் சத்தம் மட்டும் தாழ்வாரத்தில் வந்தது. கஸ் உள்ளே வந்தான். கம்பளித் துணி இல்லை. ஸ்பேனர்களை இரண்டு கையிலும் விசிறி மாதிரி பிடித்திருந்தான், எல்லோருக்கும் தெரியும்படி. மேஜைமேல் வைத்தான். இரும்பு மரத்தில் விழுந்த சத்தத்தில் டெல் துள்ளினான்.

"புது பைப்பு போட்டது நான்," என்றான் கஸ். "நட்டை இறுக்காம விட்டதும் நான். வெர்ன் தொடல."

அரசு வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். இலவச வக்கீல் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வெர்ன் இரண்டு பேரையும் கேட்கவில்லை. பேனாவை விட்டுவிட்டு ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்தான். கோலிகுண்டு நட்டையும் எடுத்தான். இந்த நட்டுக்கு இந்த ஸ்பேனர்தான். மாட்டித் திருப்பிப் பார்த்தான். மூலை இல்லாத நட்டு, ஸ்பேனருக்குள் வெறுமனே சுற்றியது.

"எப்ப வாங்கினே?" என்றான்.

"நீ வேலிக்கிட்ட வந்து கேட்டியே."

"ஆமா."

"மறுநாள்."

வெர்ன் தன் முட்டிப் புண்களைப் பார்த்தான். பிறகு கஸ்ஸைப் பார்த்தான். அந்தக் கார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் முகம் பார்த்து எதிரெதிரே நின்றது அதுதான் முதல் தடவை.

"ராத்திரில தூக்கி வேலிக்கு மேல போட்டிருக்கலாமேடா," என்றான். "யாரு போட்டதுன்னு நான் கேட்டிருக்கவேமாட்டேனே."

அரசு வக்கீல் கையை நீட்டி, வெர்ன் முன்னால் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.